பிஎஸ் 5 இப்பவே வாங்கலாமா, பிஎஸ் 6 வரட்டும்னு காத்திருக்கலாமா? சம்பளக்காரங்களுக்கு ஒரு முழு கணக்கு



போன வாரம் நம்ம சேனல் இன்பாக்ஸ்ல ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, வருஷக் கடைசி போனஸ் 60,000 வந்திருக்கு. கையில வர்ற சம்பளம் 42,000. செலவு போக மாசம் 8,000 மிச்சம் ஆகுது. பேங்க்ல 15,000 இருக்கு. அடுத்த வருஷம் ஜிடிஏ 6 வருது. இந்த போனஸ்ல பிஎஸ் 5 வாங்கிடலாமா? இல்ல, வாங்கின கையோட பிஎஸ் 6 வந்துட்டா வேஸ்ட் ஆயிடுமா?"

படிச்சதும் எனக்கு சிரிப்பு வரல. 24 வயசுல நானும் இதே இடத்துல நின்னவன்தான். அதனால "கேம் எல்லாம் வேண்டாம், எஸ்ஐபி போடு"ன்னு ஒரே வரியில பதில் சொல்ல மனசு வரல. சம்பாதிக்கிறதே கொஞ்சம் சந்தோஷமா இருக்கத்தான். ஆனா அந்த சந்தோஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், எப்ப கொடுத்தா கையைச் சுடாதுன்னு தெரிஞ்சுக்கணும். அதுக்கு இந்த கன்சோல் கம்பெனிகள் எப்படி சம்பாதிக்கிறாங்கன்னு முதல்ல புரியணும். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

பெட்டி வெறும் தூண்டில்தான்

2021-ல அமெரிக்காவுல எபிக் கேம்ஸுக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்குல மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருத்தர் சாட்சி சொன்னார். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை வித்து நாங்க ஒருபோதும் லாபம் பார்த்ததில்லைங்கிறதுதான் அதோட சாரம். அடுத்த வருஷம், அப்ப எக்ஸ்பாக்ஸ் தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சரே ஒவ்வொரு கன்சோலுக்கும் 100 முதல் 200 டாலர் வரை கைக்காசு போடுறோம்னு சொன்னார்.

நஷ்டத்துக்கு ஏன் விக்கணும்? நம்ம ஊர்ல பிரின்டரைக் கம்மி விலைக்குக் கொடுத்துட்டு, இங்க்ல வசூல் பண்றாங்க இல்லையா, அதே கதைதான். பெட்டி ஒருமுறை உங்க ஹால்ல உட்கார்ந்துட்டா, அதுக்கப்புறம் நீங்க வாங்குற ஒவ்வொரு டிஜிட்டல் கேம்லயும் பொதுவா 30 சதவீதம் கமிஷன் அவங்களுக்கு. ஆன்லைன்ல நண்பர்களோட விளையாட சந்தா. எக்ஸ்ட்ரா கன்ட்ரோலர். கேம் உள்ளேயே விக்கிற பொருள்கள். வருமானம் அங்கதான் கொட்டுது.

இதை நம்ம பக்கத்துல இருந்து கணக்கு போட்டுப் பார்ப்போம். அஞ்சு வருஷத்துக்கு, தோராயமா:

- கன்சோல்: 55,000
- இன்னொரு கன்ட்ரோலர்: 6,000
- ஆன்லைன் சந்தா, வருஷம் 4,000 வீதம்: 20,000
- வருஷம் 3 கேம், சராசரி 3,500 வீதம்: 52,500

மொத்தம் 1,33,500 ரூபாய். மாசத்துக்குப் பிரிச்சா 2,225. இதுல பெட்டியோட பங்கு 41 சதவீதம்தான். நாம எல்லாரும் பேசுறது 55,000 பத்தி. உண்மையான செலவு அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. தம்பியோட 60,000 போனஸ், பெட்டியும் ஒரு கேமும் வாங்கினதோட முடிஞ்சுடும். மீதி எல்லாம் மாச சம்பளத்துல இருந்துதான் போகணும்.

"கொஞ்சம் வெயிட் பண்ணா விலை குறையும்": இந்த விதி செத்துப் போச்சு

நம்ம அண்ணன்மார் காலத்துல ஒரு நல்ல பழக்கம் இருந்துச்சு. புது கன்சோல் வந்தா ரெண்டு மூணு வருஷம் காத்திருந்து, விலை குறைஞ்சதும் வாங்குவாங்க. அது அப்ப சரியாவும் இருந்துச்சு. பிஎஸ் 2 அமெரிக்காவுல 2000-ல 299 டாலருக்கு வந்துச்சு. 2002-ல 199. 2009-ல 99 டாலர். பிஎஸ் 4-ம் அப்படித்தான். 2013-ல 399-க்கு வந்து, 2016-ல ஸ்லிம் மாடல் 299 ஆச்சு.

இந்த தலைமுறையில நடந்ததைப் பாருங்க. பிஎஸ் 5 2020 நவம்பர்ல 499 டாலர். அஞ்சு வருஷம் கழிச்சு, 2025 ஆகஸ்ட்ல, அதே அமெரிக்காவுல 549 டாலர் ஆக்கினாங்க. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499-ல ஆரம்பிச்சு, 2025 மே மாசம் 599, அக்டோபர்ல 649. பட்ஜெட் மாடலான சீரிஸ் எஸ் கூட 299-ல இருந்து 399-க்குப் போயிடுச்சு. இந்தியாவுல பிஎஸ் 5 2021 பிப்ரவரி 2-ம் தேதி 49,990-க்கு வந்துச்சு. 2022 நவம்பர்ல 54,990 ஆச்சு. பழசாக ஆக விலை ஏறுது!

ஏன் இப்படி? மூணு காரணம்.

முதல் காரணம், சிப். முன்னாடி எல்லாம் சில வருஷம் போனா அதே சிப்பை இன்னும் சின்னதா, மலிவா செய்ய முடிஞ்சுது. இப்ப சின்னதாக்க முடியுது, ஆனா பழைய மாதிரி மலிவாக மாட்டேங்குது. புது தொழில்நுட்பத்துல செய்யறதே காஸ்ட்லி.

ரெண்டாவது, மெமரி. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிட்டுப் போறதால 2025 கடைசியில ரேம் விலை கண்டபடி ஏறியிருக்கு. மைக்ரான் கம்பெனி, சாதாரண மக்களுக்கு விக்கிற தன்னோட குருஷியல் பிராண்டையே மூடப் போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. கன்சோலுக்குள்ள இருக்கிறதும் அதே மெமரிதான்.

மூணாவது, அமெரிக்காவோட இறக்குமதி வரி. நம்மளுக்கு இதோட சேர்த்து ரூபாய் மதிப்பும் இருக்கு. பிஎஸ் 5 இங்க வந்தப்ப ஒரு டாலர் சுமார் 73 ரூபாய். 2025 டிசம்பர்ல அது 90 பக்கம் வந்துடுச்சு.

ஆக, "விலை குறையட்டும்"னு காத்திருக்கிறது இனிமே ஒரு திட்டம் கிடையாது. திருவிழா ஆஃபர்ல நாலஞ்சாயிரம் குறையலாம். அவ்வளவுதான்.

அடுத்த தலைமுறை எப்ப வரும்?

சோனி இன்னும் தேதி சொல்லல. ஆனா அவங்க வரலாறு ஒரு துப்பு கொடுக்குது. முதல் பிளேஸ்டேஷன் 1994. பிஎஸ் 2, 2000. பிஎஸ் 3, 2006. பிஎஸ் 4, 2013. பிஎஸ் 5, 2020. இடைவெளி 6, 6, 7, 7 வருஷம். அதே கணக்குல போனா 2027 கடைசி. மெமரி விலை இப்படியே இருந்தா 2028-க்குத் தள்ளவும் வாய்ப்பு இருக்கு. இது என் கணிப்பு, அறிவிப்பு இல்ல.

வேலை நடந்துக்கிட்டு இருக்குங்கிறது மட்டும் உறுதி. 2025 ஜூன்ல மைக்ரோசாஃப்ட், அடுத்த எக்ஸ்பாக்ஸுக்காக ஏஎம்டியோட பல வருஷ ஒப்பந்தம் போட்டதை அறிவிச்சுது. அக்டோபர்ல பிளேஸ்டேஷனை வடிவமைச்ச மார்க் செர்னி, ஏஎம்டி அதிகாரியோட உட்கார்ந்து ஒரு வீடியோவுல புது கிராபிக்ஸ் தொழில்நுட்பங்களைப் பத்திப் பேசினார். இன்னும் சில வருஷத்துல வரப்போற கன்சோல்ல இதைக் கொண்டுவர ஆசைன்னும் சொன்னார். "சில வருஷம்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. அடுத்த தீபாவளிக்கு வராது.

மூணு கம்பெனி, மூணு ரூட்டு

*சோனி*: ஜெயிச்சுக்கிட்டு இருக்கிறவங்க ரூட்டை மாத்த மாட்டாங்க. 2025 செப்டம்பர் முடிய பிஎஸ் 5 சுமார் 8.4 கோடி வித்திருக்கு. அதனால அடுத்ததும் இதே மாதிரி, இதைவிட சக்தியான பெட்டியாத்தான் இருக்கும். டிஸ்க் டிரைவ் மட்டும் தனியா வாங்கி மாட்டிக்கிற மாதிரி வரும்னு நினைக்கிறேன். பிஎஸ் 5 ஸ்லிம்லயும் புரோலயும் ஏற்கெனவே அதைக் கழட்டி மாட்டலாம். இது உங்க பாக்கெட்டை நேரா தொடுற விஷயம், கீழே சொல்றேன்.

சோனி செஞ்ச இன்னொரு வேலையையும் பாருங்க. 2025 நவம்பர்ல ஜப்பான்ல, ஜப்பான் மொழி மட்டும் வேலை செய்யுற ஒரு டிஜிட்டல் பிஎஸ் 5-ஐ 55,000 யென்னுக்கு இறக்கினாங்க. சாதாரண டிஜிட்டல் மாடல் அப்ப அங்க 72,980 யென். அதாவது, தேவைப்படுற மார்க்கெட்டுக்கு மட்டும் விலையைக் குறைக்கிறது, வெளிநாட்டுக்காரன் அதை அள்ளிட்டுப் போகாம மொழியால பூட்டுறது. இந்தியாவுக்கு அப்படி ஒரு தனி விலை வருமா? ஆசை இருக்கு, நம்பிக்கை இல்ல. 2024 நவம்பர்ல பிஎஸ் 5 புரோ வந்தப்ப, அதுல இருக்கிற வைஃபை 7-க்குத் தேவையான 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்ப இங்க அனுமதி இல்லாததால இந்தியாவுல விக்கவே இல்ல. நாம அவங்க லிஸ்ட்ல முதல் பெஞ்ச் இல்லைங்கிறதை ஒத்துக்கணும்.

*மைக்ரோசாஃப்ட்*: இவங்க ஆட்டத்தையே மாத்துறாங்க. எத்தனை பெட்டி வித்துதுன்னு சொல்றதை 2015-லயே நிறுத்திட்டாங்க. ஆக்டிவிஷன் பிளிஸார்டை 68.7 பில்லியன் டாலருக்கு வாங்கி, 2023 அக்டோபர்ல டீலை முடிச்சாங்க. அவ்வளவு பணம் போட்டவங்களுக்கு கேம் எல்லா இடத்துலயும் வித்தாகணும். அதனாலதான் ஒருகாலத்துல எக்ஸ்பாக்ஸோட அடையாளமா இருந்த ஹேலோ கூட பிஎஸ் 5-க்கு வரப்போகுதுன்னு அறிவிச்சாங்க. அடுத்த எக்ஸ்பாக்ஸ் ரொம்ப பிரீமியமான, உயர்தரமான ஒண்ணா இருக்கும்னு அவங்க தரப்புல இருந்தே சொல்லிட்டாங்க. கடைக்காரர் வாயில பிரீமியம்னு வந்தா நாம பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கணும். கம்ப்யூட்டருக்கு நெருக்கமான, விலை கூடின பெட்டியா இருக்கும்ங்கிறது என் கணிப்பு.

*நின்டெண்டோ*: இவங்க சக்தி போட்டிக்கே வர்றதில்ல. கையில தூக்கிட்டுப் போற மெஷின், அவங்க கேம் அவங்ககிட்ட மட்டும். ஸ்விட்ச் 2 2025 ஜூன் 5-ம் தேதி 449 டாலருக்கு வந்து, நாலே நாள்ல 35 லட்சம் வித்துது. ஆனா இந்தியாவுல நின்டெண்டோ அதிகாரப்பூர்வமா விக்கிறதில்ல. இங்க கிடைக்கிறது வெளிநாட்டுல இருந்து வந்த சரக்கு. வாரண்டி யாருதுன்னு கேட்காம வாங்காதீங்க.

நம்ம ஊர் விலை எவ்வளவு இருக்கும்?

ஒரு சின்ன கணக்கு. 499 டாலரை அன்னைக்கு ரேட் 73-ஆல பெருக்கினா 36,427 ரூபாய். இந்தியாவுல வித்தது 49,990. அதாவது வரி, இறக்குமதிச் செலவு எல்லாம் சேர்ந்து 1.37 மடங்கு.

அடுத்த பிளேஸ்டேஷன் 600 டாலர்னு வெச்சுக்கோங்க. டாலர் 90 ரூபாய்னா 54,000. அதே 1.37 மடங்கு போட்டா சுமார் 74,000. 700 டாலர்னா 86,000 தாண்டுது. இன்னொரு பக்கம், அமெரிக்காவுல 549 ஆன பெட்டியை 54,990 ரூபாயோட ஒப்பிட்டா மடங்கு 1.11 தான் வருது. அந்தக் கணக்குல 600 டாலர் பெட்டி 60,000-க்கே வரலாம். ஆக 60,000-ல இருந்து 86,000 வரைக்கும் ஒரு வட்டம். நான் 75,000-னு டார்கெட் வெச்சுப்பேன். குறைஞ்சு வந்தா லாபம்.

"வாங்கின கையோட பழசாயிடுமா?"

ஆகாது. இந்த பயம் தேவையில்லாதது. பிஎஸ் 5 வந்தது 2020 நவம்பர்ல. கிரான் டூரிஸ்மோ 7 2022 மார்ச்லயும் காட் ஆஃப் வார் ராக்னராக் 2022 நவம்பர்லயும் பிஎஸ் 4-க்கும் சேர்த்தே வந்துச்சு. சோனியோட சொந்த கேமே ரெண்டு வருஷம் கழிச்சும் பழைய பெட்டிக்கு வந்துச்சுன்னா காரணம் சிம்பிள். பழைய பெட்டி வெச்சிருக்கிறவங்க கோடிக்கணக்குல இருக்காங்க, அவங்ககிட்ட விக்காம விட முடியுமா? பிஎஸ் 5 விஷயத்துலயும் இதுதான் நடக்கும். 2027-லயோ 2028-லயோ புதுசு வந்தாலும் உங்க பெட்டி ரெண்டு வருஷமாவது ஓடும்.

அதனால "இப்பவா, அடுத்ததா"ங்கிற கேள்வியை விட, "எந்தப் பணத்துல"ங்கிறதுதான் முக்கியம்.

மூணு ஓட்டைகளை அடைங்க

1. *நோ காஸ்ட் இஎம்ஐ.* வட்டி இல்லைன்னு சொல்வாங்க. உள்ளே வட்டி இருக்கும், அதை அளவா தள்ளுபடியில கழிச்சிருப்பாங்க. 55,000-ஐ 12 மாசத்துக்குப் பிரிச்சு, உள்ளே 15 சதவீத வட்டின்னா, வட்டி மட்டும் சுமார் 4,200. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 760 ரூபாய் உங்க தலையில. பிராசஸிங் ஃபீயும் சேர்த்தா 1,000 பக்கம். மொத்தமா கொடுத்திருந்தா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடியும் சில சமயம் போயிடும். இதை விட முக்கியம், 12 மாசத்துக்கு 4,583 ரூபாய் உங்க சம்பளத்துல கட்டாயமா கட் ஆகும். 8,000 மிச்சம் பிடிக்கிறவருக்கு இது பாதிக்கு மேல.

2. *தானா புதுப்பிக்கிற சந்தா.* இதுல நான் நல்லா அடி வாங்கினவன். ஒரு கேம் சந்தாவுக்கு மாசம் 800 சொச்சம் ஆட்டோ டெபிட் போட்டு வெச்சேன். வேலைல புராஜெக்ட் சூடு பிடிச்சு 11 மாசம் கன்ட்ரோலரையே தொடல. கிட்டத்தட்ட 9,000 ரூபாய் சும்மா போச்சு. மேசேஜ் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு, பார்த்துட்டு ஸ்வைப் பண்ணிட்டேன். தப்பு என்னுதுதான். சந்தா விலை வேற ஒரே இடத்துல நிக்காது. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபர்ல அமெரிக்காவுல 19.99 டாலர்ல இருந்து 29.99 ஆச்சு. இந்தியாவுல 829-ல இருந்து 1,389 ரூபாய். லீவு எடுத்து விளையாடுற மாசம் மட்டும் ஒரு மாச சந்தா போடுங்க. போட்ட அன்னைக்கே ஆட்டோ ரின்யூவலை ஆஃப் பண்ணிடுங்க.

3. *டிஜிட்டல் மாடல் மோகம்.* டிஸ்க் இல்லாத பெட்டி விலை கம்மிதான். ஆனா டிஸ்க்ல வாங்கின கேமை முடிச்சுட்டு விக்கலாம், நண்பன்கிட்ட மாத்திக்கலாம். டிஜிட்டல்ல வாங்கினது உங்க அக்கவுண்ட்லயே கிடக்கும், ஒரு ரூபாய் திரும்பி வராது. மேல போட்ட கணக்குல 15 கேம். ஒவ்வொண்ணுலயும் 1,000 ரூபாய் திரும்பினா கூட 15,000. நிறைய கேம் வாங்குறவருக்கு டிஸ்க் மாடல்தான் சரி. ஒரே கேமை வருஷம் முழுக்க ஆடுறவருக்கு டிஜிட்டல் போதும்.

"அப்ப இந்த கம்பெனி ஷேரை வாங்கலாமா?"

கமெண்ட்ல இது கண்டிப்பா வரும். ஒரு கோணம் மட்டும் சொல்றேன். யார் ஜெயிப்பாங்கன்னு கணிக்கிறது கஷ்டம். 2001-ல சேகா மாதிரி பெரிய கம்பெனியே டிரீம்காஸ்ட்டை நிறுத்திட்டு கன்சோல் தொழிலை விட்டே போச்சு. 2013-ல இருந்து பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ரெண்டுக்கும் சிப் கொடுக்கிறது ஏஎம்டிதான், ஆனா அவங்க வியாபாரத்துல கன்சோல் ஒரு பகுதி மட்டுமே. மைக்ரோசாஃப்ட்டுக்கோ இது ரொம்பச் சின்ன பகுதி. கேம் பிடிக்கும்ங்கிறதுக்காக ஷேர் வாங்காதீங்க. வெளிநாட்டு ஷேர் ஒண்ணே ஒண்ணு வாங்கினாலும் வருமான வரி ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்து பகுதியில காட்டியே ஆகணும். இது பரிந்துரை இல்ல, எச்சரிக்கை.

சரி, தம்பிக்கு என்ன பதில்?

அவருடைய மாசச் செலவு 34,000. மூணு மாச அவசர நிதின்னா 1,02,000 வேணும். கையில இருக்கிறது 15,000. இந்த நிலையில 60,000-ஐ பெட்டியில போட்டா, நாளைக்கே வீட்ல ஒருத்தருக்கு உடம்பு முடியலைன்னா கிரெடிட் கார்டுதான் கதி. பெட்டியைப் பாதி விலைக்கு வித்து ஆஸ்பத்திரி பில் கட்டுற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

அதனால நான் அனுப்பின திட்டம் இது:

- போனஸ்ல 50,000 அவசர நிதிக்கு. மொத்தம் 65,000 ஆச்சு. மீதி 10,000 உங்க இஷ்டம். அம்மா அப்பாவுக்கு ஏதாவது வாங்குங்க, ஊர் சுத்துங்க.
- மாசம் மிச்சமாகுற 8,000-ல 5,500 அவசர நிதிக்கு. ஏழு மாசத்துல 1,02,000-ஐத் தாண்டிடும்.
- மீதி 2,500-க்கு ஒரு ஆர்டி. பேரே "கன்சோல்"னு வெச்சுக்கோங்க. ஒரு வருஷத்துல 30,000.
- எட்டாவது மாசத்துல இருந்து அந்த 5,500-ம் ஃப்ரீ. அஞ்சு மாசத்துக்கு 27,500.

கூட்டிப் பாருங்க. ஒரே வருஷத்துல 57,500 ரூபாய், கடன் இல்லாம, அவசர நிதியைத் தொடாம. ராக்ஸ்டார் இப்ப சொல்லியிருக்கிற ஜிடிஏ 6 தேதி 2026 நவம்பர் 19. அதுக்கு ஒரு மாசம் தள்ளி பெட்டி வாங்கலாம். ஒரு மாசத்துல கேம் எங்கயும் ஓடிப் போயிடாது. முதல் மாசத்து பக் எல்லாம் சரி பண்ணியிருப்பாங்க, அதுவும் லாபம்தான்.

அப்ப ஆசை குறைஞ்சிருந்தா? அந்த 5,500-ஐ எஸ்ஐபிக்கு மாத்திட்டு, 2,500 ஆர்டியை மட்டும் தொடருங்க. 30 மாசத்துல கட்டினது 75,000. 6.5 சதவீதம் வட்டின்னா மேல 6,000-க்கும் அதிகமா சேரும், அதுக்கு வரி உண்டு. அடுத்த தலைமுறை பெட்டி எப்ப வந்தாலும் கையில பணம் ரெடியா இருக்கும். ரெண்டு மூணு வருஷத்துல தேவைப்படுற பணம்ங்கிறதால இதை ஈக்விட்டி ஃபண்டுல போடாதீங்க. லான்ச் அன்னைக்கு மார்க்கெட் விழுந்து கிடந்தா கடுப்பாயிடும்.

ஏற்கெனவே மூணு மாச அவசர நிதி வெச்சிருக்கீங்க, கார்டு பாக்கி இல்ல, வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம் உண்மையிலேயே விளையாடுவீங்களா? அப்ப காத்திருக்கவே வேண்டாம். இன்னைக்கே முழு பணம் கொடுத்து டிஸ்க் மாடல் வாங்குங்க. மூணு வருஷ சந்தோஷத்தைத் தள்ளிப் போட்டு மிச்சம் பிடிக்கிறதுல எந்தப் பெருமையும் இல்ல.

தம்பி பதில் அனுப்பினார்: "ஆர்டி ஓபன் பண்ணிட்டேன் அண்ணா. கஷ்டமாத்தான் இருக்கு." கஷ்டமாத்தான் இருக்கும் தம்பி. ஆனா அடுத்த டிசம்பர்ல அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது மேல ஒரு இஎம்ஐ கூட இருக்காது. அந்த நிம்மதியோட விளையாடிப் பாருங்க, அது தனி சுகம்.

உங்க கணக்கு என்ன? சம்பளத்தைச் சொல்ல வேண்டாம், எத்தனை மாச அவசர நிதி இருக்குன்னு மட்டும் கமெண்ட்ல போடுங்க. இதே கணக்கை ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. கன்சோல் வாங்கத் துடிக்கிற நண்பனுக்கு இஎம்ஐ பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஃபார்வர்ட் பண்ணிடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!